ஒரே ராத்திரியில் எட்டுச் சுரப்பி

நாளமில்லாச் சுரப்பிகளைப் படிக்க இரண்டு வாரம் வேண்டும் என்று சொல்கிற மேடம்களை நம்பாதீர்கள். அவர்கள் காலத்தில் கையில் செல்போன் இல்லை, பொழுது போகவில்லை, படித்தார்கள். நமக்கு நர்சிங் மூன்றாவது செமஸ்டரில் நுரையீரல், குடல், இதயம், ரத்தம் எல்லாவற்றையும் தாண்டி மூச்சு வாங்க வந்து சேரும் இடத்தில்தான் இந்தச் சுரப்பிகள் உட்கார்ந்திருக்கின்றன. அதற்குள் ஸ்டடி லீவு தீர்ந்துவிடும். ஆகவே பரீட்சைக்கு முந்தின ராத்திரி ஒன்பது மணிக்கு, மெஸ்ஸில் உப்புமாவை முடித்துவிட்டு, ஹாஸ்டல் படிக்கட்டில் டியூப்லைட் எரிகிற படியாகப் பார்த்து உட்கார்ந்தால் போதும். விருதுநகர், சாத்தூர், சிவகாசி, ராஜபாளையம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தில் பிறவியிலேயே சில வசதிகள் உண்டு. அதைப் பயன்படுத்தத் தெரியாமல் அரியர் வைக்கிறார்கள். இந்த வழிகாட்டி அவர்களுக்காக.

முதலில் புத்தகம். ப்ரூன்னர் என்று செல்லமாகக் கூப்பிடப்படும் அந்தப் பெரிய புத்தகம் 1964-இல் முதல் பதிப்பு கண்டது. அன்றிலிருந்து பெருத்துக்கொண்டே வருகிறது. அதை வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. யூனிஃபார்ம் புடவையின் மடிப்புக் கலையாமல் இருக்க மேலே வைக்கலாம். படிப்பதற்குக் கொஸ்டின் பேங்க். அட்டையில் சிரித்துக்கொண்டிருக்கும் பெண் ஸ்டெதஸ்கோப்பை எப்படி மாட்டியிருக்கிறாள் என்று ஆராயாதீர்கள், உள்ளே என்ன ஸ்டார் போட்டிருக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். இரண்டு ஸ்டார் என்றால் எஸ்ஸே, ஒரு ஸ்டார் என்றால் ஷார்ட் நோட்ஸ், ஸ்டாரே இல்லையென்றால் அந்த நோய் மனிதர்களுக்கு வருவதில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். நாட்டுக்கே காலண்டரும் டைரியும் நோட்டும் அச்சடித்துக் கொடுக்கிற சிவகாசி பக்கத்தில் இருக்கும்போது நமக்குக் கைடுக்கா பஞ்சம்?

காலண்டர் என்றதும் அடுத்தது: நேரம். தினசரிக் காலண்டரில் ராகு காலம், எமகண்டம், சந்திராஷ்டமம் எல்லாம் கழித்தால் படிக்க மிஞ்சுவது ராத்திரிதான். அந்த நேரத்தில் உங்கள் உடம்புக்குள் நடப்பதைக் கவனித்தாலே அட்ரினல் பாடத்தில் கால்வாசி முடிந்துவிடும், ஆனால் கவனிக்க வேண்டாம், தூக்கம் வரும். கார்டிசோல் விடியற்காலையில் ஏறி எட்டு மணி வாக்கில் உச்சத்தில் நிற்கும், நள்ளிரவில் அடிமட்டத்துக்கு இறங்கும். கார்டிசோல் மிதமிஞ்சிப்போன குஷிங் நோய்க்காரருக்கு அந்த நள்ளிரவு இறக்கம் இருக்காது. அதனால்தான் ராத்திரிப் பதினொரு மணிக்கு மேல் எச்சில் எடுத்துக் கார்டிசோல் பார்க்கிறார்கள். ஸ்டீராய்டு மாத்திரையைக் காலையில் கொடுக்கச் சொல்வதும் இந்த ஏற்ற இறக்கத்தை ஒட்டித்தான். கொஸ்டின் பேங்கில் ‘மாத்திரையைக் காலையில் உணவுடன் கொடுக்கவும்’ என்று ஒரு வரி இருக்கும். காரணம் இருக்காது. காரணத்துக்கு மார்க் இல்லை, வரியை மட்டும் உருப்போடுங்கள்.

எஸ்ஸேயை எப்படி ஆரம்பிப்பது? டெஃபனிஷன், அப்புறம் இன்சிடென்ஸ். நீரிழிவு என்றால் எண் தயாராக இருக்கிறது: 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். இண்டியாப் (INDIAB) ஆய்வின்படி நாட்டில் சுமார் 10 கோடிப் பேர். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 14.4 பேர். மற்ற நோய்களுக்கு எண் தெரியாவிட்டால் ‘பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது’ என்று எழுதுங்கள். தைராய்டிலிருந்து குஷிங் வரை பெரும்பாலும் அது சரியாகவே அமைந்துவிடும், அதுவும் ஒரு வேடிக்கைதான்.

கலர் பேனா அவசியம். ஒரு சுரப்பிக்கு ஒரு நிறம். சிவகாசிப் பிள்ளைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை: ஸ்ட்ரான்ஷியம் சிவப்பு, சோடியம் மஞ்சள், தாமிரம் நீலம், பேரியம் பச்சை. இதில் பேரிய உப்புக்கு 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தடை போட்டுவிட்டதால் பச்சை ஹைலைட்டரைத் தவிர்ப்பது உத்தமம்.

பட்டாசுச் சரக்கில் இன்னொன்று இருக்கிறது. கொஸ்டின் பேங்கில் ஒரு ஸ்டார்கூட இல்லாத சமாச்சாரம். ஆகவே இந்தப் பகுதியை நீங்கள் தாண்டிவிடலாம். எனக்குத்தான் தாண்ட மனசு வரவில்லை. வாண வகைகளில் தீ எரிய ஆக்ஸிஜன் கொடுக்கிற சரக்குகளில் ஒன்று பொட்டாசியம் பெர்குளோரேட். அதிலுள்ள பெர்குளோரேட் அயனிக்கும் அயோடைடு அயனிக்கும் கிட்டத்தட்ட ஒரே உருவம், ஒரே மின்னேற்றம். ரத்தத்திலிருந்து அயோடைடை உள்ளே இழுத்துக்கொள்ளத் தைராய்டு செல்லின் சுவரில் ஒரு வாசல் இருக்கிறது. சோடியமும் அயோடைடும் சேர்ந்து நுழைகிற வாசல் அது. பெர்குளோரேட் அங்கே போய் இடத்தைப் பிடித்துக்கொண்டால் அயோடைடு வெளியே நிற்கும். 1950-களில் இதையே மருந்தாக்கி, தைராய்டு அதிகமாய்ச் சுரக்கும் கிரேவ்ஸ் நோய்க்காரர்களுக்குக் கொடுத்தார்கள். வேலை செய்தது. பிறகு சிலருக்கு எலும்பு மஜ்ஜை படுத்து ரத்தம் ஊறாமல் போய் உயிரும் போனதால் கைவிட்டார்கள்; இன்றைக்கு அபூர்வமாக, அமியோடரோன் மாத்திரையால் தைராய்டு கிளம்பிய சிலருக்கு மட்டும் தருகிறார்கள்.

அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்து ஏடா என்ற ஊரில், ஜூலை 4 வாணவேடிக்கைக்கு முன்னும் பின்னும் ஏரித் தண்ணீரை எடுத்துப் பார்த்தவர்கள் 2007-இல் எழுதினார்கள்: வேடிக்கை முடிந்த சில மணி நேரத்தில் தண்ணீரில் பெர்குளோரேட் ஆயிரம் மடங்கு வரை ஏறியிருந்தது, பழைய நிலைக்கு இறங்க வாரக்கணக்கில் ஆயிற்று. தென்னிந்தியப் பட்டாசுத் தொழில் பகுதியின் நிலத்தடி நீரில் பெர்குளோரேட் கலந்திருப்பது பற்றி 2013-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. உடனே, ‘எங்க அத்தைக்குத் தைராய்டு வந்தது இதனாலதான்’ என்று கிளம்பிவிடாதீர்கள். எவ்வளவு உள்ளே போகிறது, சாப்பாட்டு உப்பில் அயோடின் போதுமா என்பதைப் பொறுத்த விஷயம் அது. நான் சொல்ல வந்தது வேறு. வாசல் அடைபட்டால் அயோடின் குறையும். அயோடின் குறைந்தால் டி-4 குறையும். டி-4 குறைந்தது பிட்யூட்டரிக்குத் தெரிந்ததும் டி.எஸ்.எச். ஏறும், டி.எஸ்.எச். விரட்ட விரட்டச் சுரப்பி வீங்கும், கழுத்தில் தெரியும். ‘ஹைப்போதைராய்டு: டி-4 குறைவு, டி.எஸ்.எச். அதிகம், காய்ட்டர்’ என்று நீங்கள் மூன்றாகப் பிரித்து உருப்போட்டது ஒரே சங்கிலி. இந்தச் சங்கிலியை ஒரு தடவை பிடித்துவிட்டால் பக்கம் பக்கமாக உருப்போட வேண்டியதில்லை. அதனால்தான் இதைப் பரிந்துரைக்கவில்லை. உருப்போடாமல் பரீட்சைக்குப் போனால் பக்கத்து ரூம் பிள்ளைகள் பயந்துவிடுவார்கள்.

மரபான வழி எதிர்ப்பத முறை. குஷிங்கை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அடிசனுக்குத் தலைகீழாக எழுதுங்கள். குஷிங்கில் ரத்த அழுத்தம் ஏறும், அடிசனில் இறங்கும். குஷிங்கில் சர்க்கரை ஏறும், அடிசனில் இறங்கும். எடை, சோடியம், பொட்டாசியம் எல்லாம் இப்படியே ஓடும். வண்டி போய் முட்டும் இடம் தோல் நிறம். அடிசனில் தோல் கறுக்கும் என்று போட்டிருக்கிறது, அப்படியானால் குஷிங்கில் வெளுக்குமா? சில குஷிங்கிலும் கறுக்கும். பிட்யூட்டரியில் கட்டி இருந்தால் ஏ.சி.டி.எச். மிதமிஞ்சிச் சுரக்கும், அந்த ஏ.சி.டி.எச். பிறக்கும் மூலப் புரதத்திலிருந்துதான் தோலைக் கறுக்க வைக்கும் ஹார்மோனும் பிறக்கிறது. அடிசனில் அட்ரினல் செத்துப்போனதால் பிட்யூட்டரி கத்துகிறது, அங்கேயும் ஏ.சி.டி.எச். அதிகம், அங்கேயும் கறுப்பு. கட்டி அட்ரினலிலேயே இருந்தால் ஏ.சி.டி.எச். அடங்கிவிடும், கறுப்பு இல்லை. தாமஸ் அடிசன் 1855-இல் லண்டனில் கைஸ் மருத்துவமனையிலிருந்து இந்த நோயை எழுதியபோது பலருக்கும் காரணம் அட்ரினலைத் தின்ற காசநோய். நம் ஊரிலும் காசநோய் வந்தவர் கறுத்து, இளைத்து, எழுந்தால் கிறுகிறுத்து நின்றால் இதை நினைக்க வேண்டும். அப்படி வந்து நின்றால் வீட்டில் என்ன சொல்வார்கள்? வெயில்ல அலைஞ்சு கறுத்துட்டான். விருதுநகர் வெயில் எந்த நோயையும் மறைத்துவிடும்.

குஷிங்குக்கும் அப்படி ஒரு திரை உண்டு. ‘பூசினாப்புல இருக்கா’ என்று கல்யாண வீட்டில் நாலு பேர் பாராட்டினால் அது முகத்தில் இறங்கிய ஸ்டீராய்டாகவும் இருக்கலாம். இந்த நோய்க்குப் பரவலான காரணம் கட்டி கிடையாது, வெளியிலிருந்து உள்ளே போகும் மாத்திரை. மூட்டுவலிக்கும் இளைப்புக்கும் பெயரில்லாப் பொட்டலத்தில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறார்கள். அட்ரினலும், ‘வெளியிலிருந்து வந்துகொண்டிருக்கிறதே’ என்று படுத்துவிடும். ஒருநாள் யாரோ ‘அது கெடுதல்’ என்று சொல்ல, பொட்டலத்தைச் சாக்கடையில் வீசிவிட்டு மூன்றாம் நாள் ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போய் வந்து படுப்பார்கள். கேர் பிளானில் ‘ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தக் கூடாது என அறிவுறுத்தப்பட்டது’ என்று எழுதுகிறோமே, அந்த வரிக்குப் பின்னால் இருப்பது இது.

உணவுப் பட்டியல் பகுதியில் மார்க் வாங்குவது சுலபம். ஓட்ஸ், ப்ரோக்கோலி, ஆலிவ் எண்ணெய் என்று எழுதுங்கள். நோயாளி வத்திராயிருப்புக்காரராக இருந்தாலும் பரவாயில்லை, ப்ரோக்கோலியை எங்கே தேடுவார் என்பது பாடத்திட்டத்துக்கு வெளியே. எண்ணெயில் முக்கி எடுத்த விருதுநகர் புரோட்டா, சாத்தூர் காராச்சேவு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா இவற்றின் பெயரை விடைத்தாளில் எழுதாதீர்கள். திருத்துகிறவருக்குப் பசி வந்தால் மார்க் குறையும்.

ஆனால் பால்கோவா விஷயத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஓ.பி. வரிசையில் காலை பத்தரைக்கு ஒரு பாட்டி, பங்குனிப் பொங்கல் விரதத்தோடு உட்கார்ந்திருக்கிறார் என்று வையுங்கள். போஸ்டிங்கில் இருக்கும் மாணவி பக்கத்தில்.

“தாயி, கை வெடவெடங்குது. வேர்த்துக் கொட்டுது பாரு.”

“சுகர் மாத்திரை போட்டீங்களா பாட்டி?”

“அத விடுவேனா? விடியவே போட்டுட்டேன். சாப்பாடுதான் இல்ல. ஆத்தாளுக்கு விரதம்ல.”

மாணவிக்குப் பாடம் நன்றாக வரும். நடுக்கம், வியர்வை, படபடப்பு, பசி, தலைவலி, குழப்பம், வலிப்பு, மயக்கம் என்று கொஸ்டின் பேங்க் வரிசையில் ஒவ்வொன்றாக மனசுக்குள் சரிபார்த்துக்கொண்டிருக்கிறாள். குழப்பம் வரை வந்துவிட்டது, பாட்டிக்கும்தான். குளுக்கோமீட்டரில் 52. பாட்டியின் வயர்க்கூடையில் பேரனுக்கு வாங்கிய பால்கோவா இருக்கிறது. மாணவி அதைப் பிரிக்கிறாள்.

“அத வைடி கீழ. சீனி எங்க?” என்று ஸ்டாஃப் சிஸ்டர் ஓடி வருகிறார்.

மூன்று டீஸ்பூன் சீனி, கரைக்கத் தண்ணீர். ஏறக்குறைய 15 கிராம். 15 நிமிடம் கழித்துத் திரும்பக் குத்திப் பார்க்க வேண்டும். 70-க்கு மேல் ஏறவில்லையென்றால் மறுபடி 15. ஏறிய பிறகு சாப்பாடு, விரதம் இருந்தாலும் சரி. பால்கோவாவில் சீனி இல்லையா என்றால் இருக்கிறது. கூடவே பால்கொழுப்பும் இருக்கிறது. அது குடலில் சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். மயங்கிப்போனவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, அங்கே நரம்பு வழி குளுக்கோஸ். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு வகை மாத்திரைகள் சோறு வந்ததா வரவில்லையா என்று கேட்பதில்லை. கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும். நடுக்கமும் படபடப்பும் அட்ரினலினுடைய கூச்சல், வியர்வை அசிட்டைல்கோலினுடையது. குழப்பம், வலிப்பு, மயக்கம் மூளைக்குக் குளுக்கோஸ் போகாததால் வருபவை. முன்னது எச்சரிக்கை, பின்னது சேதம். இப்படி இரண்டாகப் பிரித்தால் மாணவிக்கு வரிசையே தேவைப்பட்டிருக்காது. பிரஷருக்கு பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவருக்குப் படபடப்பும் நடுக்கமும் அமுங்கிப்போகும், வியர்வை மட்டும் மிஞ்சும் என்பதும் அதிலேயே வந்துவிடும். வார்டில் இதெல்லாம் கேட்பார்கள். பரீட்சையில் ‘லிஸ்ட் தி க்ளினிக்கல் ஃபீச்சர்ஸ்’தான்.

கொஸ்டின் பேங்கை நம்பியவர்களுக்கு ஒரு சின்ன இடைஞ்சல். டயபடீஸ் இன்சிபிடஸ் என்று ஆண்டாண்டு காலமாக உருப்போட்ட நோய்க்கு 2022-இல் பெயரை மாற்றிவிட்டார்கள்: ஆர்ஜினின் வாசோபிரெசின் குறைபாடு, அல்லது அதன் எதிர்ப்பு. வார்டில் ‘டயபடீஸ்’ என்ற பெயரைப் பார்த்துச் சர்க்கரை நோய் என்று நினைத்து, தேவையான டெஸ்மோபிரெசினை நிறுத்திய ஆபத்துகள் ஒரு காரணம். நீங்கள் பழைய பெயரையே எழுதுங்கள். திருத்துகிறவரும் பழைய பதிப்பில் படித்தவர்.

வைவாவுக்கு வருவோம். வெளியூர் எக்ஸ்டர்னல், கண்ணாடியை இறக்கிப் பார்த்துக்கொண்டு, “டி.கே.ஏ. பேஷன்ட் வந்திருக்கார்மா. ஃபர்ஸ்ட் என்ன பண்ணுவ?” என்பார். நீங்கள் பெருமையோடு “இன்சுலின் மேடம்” என்பீர்கள். அங்கேதான் மாட்டுவீர்கள். முதலில் தெரிய வேண்டியது பொட்டாசியம். வெடியுப்பு என்று சின்ன வயதிலேயே பொட்டாசியத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஊர் இது. இங்கே தோற்பது அவமானம். இன்சுலின் இல்லாமலும் ரத்தம் புளித்தும் கிடக்கும் உடம்பில் பொட்டாசியம் செல்லைவிட்டு ரத்தத்துக்கு வந்துவிடுகிறது, அங்கிருந்து மூத்திரத்தில் போய்விடுகிறது. ரிப்போர்ட்டில் 4.5 என்று சாதுவாகத் தெரியும், கையிருப்போ காலி. இன்சுலின் ஏற்றிய மாத்திரத்தில் மிச்சமிருப்பதும் செல்லுக்குள் ஓடும், இதயம் தாளம் தப்பும். அதனால் சலைன் ஓடட்டும், பொட்டாசியம் 3.5-க்குக் கீழே இருந்தால் முதலில் அதை ஏற்றிவிட்டுத்தான் இன்சுலின். பழைய புத்தகங்களில் 3.3 என்றிருக்கும்; 2024-இல் மாற்றினார்கள்.

வெளிநாடு போகிற நினைப்பு உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: என்கிளெக்ஸ் மாதிரிப் பரீட்சைகளில் ‘அறிகுறிகளைப் பட்டியலிடு’ என்ற கேள்வியே கிடையாது. நாலு நோயாளி, நாலு ரிப்போர்ட், யாரிடம் முதலில் போவாய் என்பார்கள். இந்த வழிகாட்டி அங்கே செல்லாது.

ஃபியோகுரோமோசைட்டோமா என்ற பெயரை எழுத்துப் பிழையில்லாமல் எழுதினாலே பாதி மார்க். தலைவலி, படபடப்பு, வியர்வை மூன்றும் அலை அலையாக வரும். அட்ரினலின் உள்ளே குவிந்து கிடக்கிற கட்டி. வயிற்றை அமுக்கிப் பார்க்காதே என்று புத்தகம் சொல்வதைச் சிவகாசியில் யாருக்கும் விளக்க வேண்டாம். மருந்துக் கலவை அறையில் இரும்புக் கரண்டி கொண்டுபோகாதே, தேய்க்காதே, இழுக்காதே என்பதும் இதேதான். மீறினால் வெடிக்கும், மறுநாள் பேப்பரில் ‘உராய்வு’ என்று ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். ஆபரேஷனுக்கு முன் ஆல்பா பிளாக்கரை முதலில் கொடுத்து, அப்புறம்தான் பீட்டா. மாற்றிக் கொடுத்தால் ரத்தக்குழாயைத் தளர்த்துகிற பீட்டா வாசல் அடைபட்டு, இறுக்குகிற ஆல்பா மட்டும் கேட்பாரில்லாமல் வேலை செய்யும், பிரஷர் கூரையைத் தொடும்.

உராய்வு என்றதும் இதையும் எழுதிவிடுகிறேன். தீக்காயம் நமக்கு அடுத்த செமஸ்டர். சுரப்பிகளும் தீக்காயமும் பரீட்சை ஹாலில் ஒருபோதும் சந்திப்பதில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தபோது கொண்டுவந்தவர்களை வார்டு இப்படிப் பிரித்துப் படுக்க வைத்திருக்க முடியாது. பெரிய தீக்காயம் பட்டவர் உடம்பில் கார்டிசோல், அட்ரினலின், குளுக்ககான் மூன்றும் ஒன்றாகப் பொங்கும். ஈரல் குளுக்கோஸை வாரி இறைக்கும், இன்சுலினை உடம்பு மதிக்காது. வாழ்நாளில் சர்க்கரை நோயே இல்லாத இருபத்தைந்து வயதுக்காரருக்கு மீட்டர் 240 காட்டும். “அப்பா அம்மாவுக்கு சுகர் உண்டா?” என்று கேஸ் ஷீட்டில் எழுதக் கேட்டுக்கொண்டிருப்போம், நியாயமான கேள்விதான், ஆனால் விடை அந்தக் கட்டுகளுக்குள் இருக்கிறது. இப்படியே விட்டால் புண் ஆறாது, கிருமி பிடிக்கும் என்பதால் இன்சுலின் போட வேண்டியும் வரும். இது எந்த ஸ்டாரிலும் இல்லை.

விடியற்காலை மூன்று மணிக்குப் பாராதைராய்டு மிச்சமிருக்கும், எப்போதும் அப்படித்தான். தைராய்டு ஆபரேஷன் முடிந்தவர் வாயைச் சுற்றி மதமதப்பு என்றால் கால்சியம் இறங்குகிறது. பிரஷர் கஃப்பை இறுக்கினால் கை விரல்கள் கூம்பும். படுக்கையோரம் கால்சியம் குளுக்கோனேட்டும் ட்ரக்கியாஸ்டமி செட்டும் இருக்க வேண்டும். இவ்வளவு போதும், படுங்கள்.

ஹாலில் எதுவும் ஞாபகம் வராவிட்டால் அஞ்ச வேண்டாம். எந்த நோய்க்கும் பொருந்துகிற நாலு வரி நம் துறையில் காலங்காலமாக இருக்கின்றன: வைட்டல் சைன்ஸ் பார்க்கப்பட்டது, இன்டேக் அவுட்புட் சார்ட் பராமரிக்கப்பட்டது, வசதியான நிலையில் படுக்க வைக்கப்பட்டது, மனோரீதியான ஆதரவு அளிக்கப்பட்டது. ஒன்றின் கீழ் ஒன்றாக, இடைவெளி விட்டு, ஸ்கேலால் கோடு போட்டு எழுதுங்கள். அடிஷனல் ஷீட் கேட்டு வாங்குங்கள், கட்டி வைக்கிற நூல் வெள்ளையாக இருக்கட்டும். பரீட்சை முடிந்து வெளியே வந்ததும் ஜூனியர் பிள்ளை ஒருத்தி, “அக்கா, கொஸ்டின் பேங்க் பாதி விலைக்குத் தருவீங்களாக்கா?” என்று நிற்பாள். தரலாம். ரிசல்ட் வந்த பிறகு தருகிறேன் என்று சொல்லி வையுங்கள்.